நுவரெலியா: வாவியும் வரலாறும்

இலங்கைப் படத்தை விரித்து நோக்குவார்க்கு, நாட்டின் நடுவிலிருந்து சற்றே தெற்கில், மலைகளைக் குறிக்கும் கருநிறம் செறிந்த ஒரு பகுதி தோன்றும். அப்பகுதியின் நடுவே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 6,100 அடி உயரத்தில், மலைகள் நாற்புறமும் அரண் செய்ய அமைந்த நகரே நுவரெலியா. சித்திரை மாதம் பிறந்ததும் நாட்டின் பல பாகத்தாரும் இந்நகரை நாடிச் செல்வர். குதிரைப் பந்தயமும், மலர்க் கண்காட்சியும், வாவியிற் படகோட்டமும் அக்காலத்தில் அங்கு நிகழும் களியாட்டங்களாம். கரம்பன் வெயிலும் கடற்கரை உப்புக்காற்றும் பழகிய நம் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு, கம்பளிச் சட்டையணிந்து மூச்சுக் காற்றைப் புகையாகக் காணும் அவ்விடம் ஒரு புதுமையுலகமே. இதனைக் 'குட்டி இலண்டன்' எனப் பலர் அழைப்பர்.

சில ஆண்டுகளின் முன்னர், உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு இந்நகருக்கு நாம் கல்விச் சுற்றுலாச் சென்றிருந்தோம். இரண்டாம் நாள் மாலை கிறகரி வாவியிலே படகேறினோம். மலைச் சரிவுகளின் நிழல் நீரில் விழுந்து கிடந்தது. மாணவனொருவன் படகோட்டியை நோக்கி, "அண்ணை, இது தானாய் உண்டான ஏரியோ?" என்று வினவினான். "இல்லை தம்பி, வெள்ளைக்காரன் வெட்டினது" என்றார் அவ்விளைஞர். உடனே பின்னிருந்த மற்றொரு மாணவன், "வெட்டினதோ, வெட்டுவித்ததோ?" என்றான். அதற்கு முந்திய தவணையிற்றான் தன்வினை, பிறவினை ஆகியவற்றைப் பற்றி வகுப்பிலே பேசியிருந்தோம். எல்லாரும் நகைத்தனர். படகோட்டியும் நகைத்தார். பின்னர்த் துடுப்பைச் சற்றே நிறுத்தி, "வெட்டினது நம்ம ஆளுங்களாத்தான் இருக்கும் தம்பி, பேருதான் அவங்க பேரு" என்றார்.

படகோட்டியின் கூற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் இயலாது. எனினும் மாணவன் கேட்ட வினா வரலாற்று வினாவேயாம். பழைய சாசனங்களைப் பொறித்தோர் கோயிலை அரசன் எடுத்தான் என்னாது எடுப்பித்தான் என்றே எழுதினர். ஏவியவன் வேறு, செய்தவன் வேறு என்பதனை அவர்தம் மொழியே காட்டி நிற்கின்றது. நுவரெலியாவின் வரலாற்றையும் அதன் காட்சிகளையும் அவ்வினாவைத் துணையாகக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் பெயரும்

'நுவர' என்னும் சிங்களச் சொல் நகரைக் குறிப்பது. 'எலிய' என்பது ஒளி, திறந்த வெளி என்னும் இரு பொருளும் உடையது. தமிழில் வெளி, வெளிச்சம் என்னுஞ் சொற்கள் தம்முள் உறவுடையனவாய் நிற்றலை இங்கு ஒப்புநோக்கலாம். அடர்ந்த காட்டிடையே மரமின்றிப் புல் மூடிக் கிடந்த வெளிகளை மலைநாட்டுச் சிங்கள மக்கள் எலிய என வழங்கினர். நகருக்கு அணித்தாயுள்ள சீதா எலியவும் இவ்வாறு பெயர் பெற்றதே.

நகருக்கு வடக்கே பீதுருதலாகலை ஓங்கி நிற்கின்றது. 8,281 அடி உயரமுடைய இம்மலையே இலங்கையில் மிக உயர்ந்தது. இதன் சரிவிற் பிறக்கும் தலகல ஓயா என்னும் சிற்றாறு நகரினூடே இறங்கி வருகின்றது. பின்னர் நாம் பேசப்போகும் வாவிக்கு இவ்வாற்று நீரே முதலாதலின், இதன் பெயரை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சுவாத்தியத்தைப் பொறுத்தவரையில் ஆண்டின் பெரும்பகுதியும் குளிரே. தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நிலத்தில் உறைபனி படிதலும், காலையிற் புல்லும் தேயிலைக் கொழுந்தும் வெண்ணிறம் பூத்துக் கிடத்தலும் உண்டு. உயர்ந்த காடுகளில் நெலு என்னும் செடி வளர்கின்றது. இது நம் புலவர் பாடிய குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தது. குறிஞ்சியைப் போன்றே ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை திரள்திரளாய்ப் பூப்பது. அவ்வாண்டுகளிற் காடெங்கும் தேனீக்கள் மொய்க்கும். குறிஞ்சியைச் செய்யுளில் மாத்திரம் கற்கும் நம் மாணவருக்கு அதன் சுற்றத்தை நேரிற் காணும் வாய்ப்பு நம் நாட்டிலேயே உளது.

ஆங்கிலேயர் வருமுன் இவ்வெளி மனிதர் அறியாத வெறுங் காடாய்க் கிடந்தது என எண்ணுதல் தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கு வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், இச்சமவெளியின் சதுப்பு நிலமெங்கும் மாணிக்கம் அகழ்ந்தோர் தோண்டிய பழங் குழிகளையும், நீர் கொண்டுசென்ற பழைய வாய்க்கால்களின் அடையாளங்களையும் தாம் கண்டதாக எழுதியுள்ளார். எனவே, இந்நிலத்தில் மண்வெட்டியின் ஓசை ஆங்கிலேயர் காலத்தில் முதன்முதல் எழுந்ததன்று.

படை வைத்தியரும் தேசாதிபதியும்

1815ஆம் ஆண்டு கண்டியரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817-18ஆம் ஆண்டுகளில் ஊவாப் பகுதியில் எழுந்த பெருங் கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கிய பின்னர், அவர்தம் உத்தியோகத்தர் மலைநாட்டின் உட்பாகங்களிற் சுற்றித் திரியலாயினர். அவர்களுள் ஒருவர் யோன் தேவி என்னும் படை வைத்தியர். இவர் புகழ்பெற்ற இரசாயன அறிஞர் சேர் ஹம்பிரி தேவியின் உடன்பிறந்தார். 1819ஆம் ஆண்டு இவர் நுவரெலியாச் சமவெளியை அடைந்தார். இலங்கையின் உட்பகுதி பற்றி இவர் இயற்றிய நூல் 1821ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் வாயிலாக இவ்விடத்தின் குளிர்ச்சியும் அழகும் ஆங்கிலேயருக்குத் தெரியவந்தன.

அதே 1819ஆம் ஆண்டிலேதான், பாக்குநீரிணைக்கு அப்பால், கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த யோன் சலிவன் நீலகிரி மலைமேல் ஏறினார். சில ஆண்டுகளுள் உதகமண்டலம் என்னும் மலைநகர் எழுந்தது. அங்கும் சலிவன் ஓர் ஏரியை அமைப்பித்தார். 1863ஆம் ஆண்டு கொடைக்கானலில் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு மற்றோர் ஏரியை உண்டாக்கினார். இம்மூன்று நகரையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். வெப்ப நாட்டை ஆள வந்தோர், தம் நாட்டின் சாயலைத் தேடி மலையேறினர். தேடியது முழுமையாகக் கிட்டாதவிடத்து அதனைச் செய்வித்துக்கொண்டனர். மலை இருந்தது, குளிர் இருந்தது. ஏரி மாத்திரம் இருந்திலது. ஆகவே ஏரியை வெட்டுவித்தனர்.

இலங்கையில் இம்முயற்சிக்கு அடிகோலியவர் சேர் எட்வேட் பான்ஸ் என்னும் தேசாதிபதியாவர். இவர் வாட்டலூப் போரிலே காயமுற்ற வீரர். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த காலத்திற் பெருந்தெருக்கள் அமைப்பதனையே தம் தலையாய கடனாகக் கொண்டார். படையினர் நோய் நீங்கி உடல் தேறுதற்கேற்ற இடமாக நுவரெலியாவை அவர் தெரிந்தெடுத்தார். தமக்கென ஒரு மாளிகையும் அங்கு எழுப்பினார். பான்ஸ் மாளிகை எனப்பட்ட அக்கட்டடத்தின் மேல் விரிந்து எழுந்ததே, 1891ஆம் ஆண்டு முதல் விடுதியாக விளங்கும் கிறான்ட் ஹொட்டேல். கண்டியிலிருந்து றம்பொடைக் கணவாய் வழியாக மலையேறும் பாதையும் இக்காலத்து முயற்சிகளின் பயனேயாம்.

அக்காலத்துத் தெருவேலை எவ்வாறு நடைபெற்றது என்பதனை ஈண்டு நினைத்தல் தகும். பழைய இராசகாரிய முறையின்படி ஊர்மக்கள் கூலியின்றி வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்படி 1830ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதன் பின்னர்த் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரைப் பெருமளவிற் கொண்ட பயனியர் படையே தெருக்களையும் பாலங்களையும் அமைத்தது. ஆகவே, மலைநாட்டின் தெருக்களிற் சிங்களக் குடியானவனின் வியர்வையும் தமிழ்க் கூலியாளனின் வியர்வையும் ஒருங்கே கலந்துள்ளன.

பேக்கரின் குடியேற்றம்

நுவரெலியாவை ஓர் ஆங்கிலக் கிராமமாக மாற்ற முயன்றவர் மேலே கூறிய சாமுவேல் பேக்கர். யானை வேட்டையை விரும்பி இலங்கைக்கு வந்த இவர் காய்ச்சலால் நலிந்து, உடல் தேறும் பொருட்டு நுவரெலியாவை அடைந்தார். அங்கே இரு கிழமைக்குள் நலம் பெற்றார். இத்தகைய சுவாத்தியமுடைய இடத்தில் ஏன் ஓர் ஆங்கிலக் குடியிருப்பு அமைதலாகாது என்ற எண்ணம் அவருள்ளத்தில் எழுந்தது. 1848ஆம் ஆண்டு ஆங்கிலத் தொழிலாளர், கொல்லர், உயர்சாதி மாடுகள், செம்மறிகள், வேட்டை நாய்கள், விதைகள், இயந்திரங்கள் யாவும் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டன.

அம்முயற்சியின் தொடக்கம் நகைப்புக்கிடமாயிற்று. அவர் கொணர்ந்த வண்டிக்காரன் மலைப்பாதையில் வண்டியைக் குடைசாய்த்தான். பின்னர் அரசாங்கம் இரவலாகக் கொடுத்த யானையொன்றை அளவின்றி விரட்டியோட்டி, அதனையும் இறக்கச் செய்தான். அரும்பாடுபட்டுக் கொணர்ந்த உயர்சாதிப் பசு மலையேறும் வழியிலேயே மடிந்தது. கண்ணுக்கு வளமாகத் தோன்றிய மண்ணோ உண்மையில் வளமற்றதாய் இருந்தது. எருவிட்டு உழைத்தாலன்றி அது பயன்தராது என்பதனைப் பேக்கர் அனுபவத்தாலே கண்டார். இவற்றையெல்லாம் மறையாது அவரே எழுதி வைத்தமை அவரது நூலுக்குத் தனிச் சுவை பயக்கின்றது. 1855ஆம் ஆண்டு அவர் இலங்கையை விட்டு நீங்கினார். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று, 1864ஆம் ஆண்டு அல்பேட் ஏரியை ஐரோப்பியருக்கு அறிமுகஞ் செய்தவரும் இவரே.

பேக்கர் போயினும் அவர் தொடங்கிய தோட்டச் செய்கை நிலைத்தது. இன்று யாழ்ப்பாணச் சந்தையில் நுவரெலியா மரக்கறி என விற்கப்படும் கோவா, கரட், லீக்ஸ், பீற்றூட், உருளைக்கிழங்கு முதலியன யாவும் அங்கு வெளிநாட்டிலிருந்து சென்று குடியேறியவையே. ஆங்கிலக் குடியானவர் அங்கு வேரூன்றவில்லை. ஆங்கில மரக்கறி வேரூன்றிற்று.

வாவியின் பிறப்பு

சேர் வில்லியம் கிறகரி 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தார். இவர் மேற்கு அயர்லாந்தின் கால்வேப் பகுதியைச் சேர்ந்த நிலப்பிரபு. இவர் பின்னர் மணந்த ஒகஸ்தா என்னும் பெருமாட்டியே, கவிஞர் யேற்சுடன் சேர்ந்து அயர்லாந்தின் தேசிய நாடக அரங்கை நிறுவிய கிறகரிச் சீமாட்டி.

நுவரெலியா நகரின் தாழ்ந்த பகுதி அந்நாளிற் சேறும் சகதியுமான சதுப்பு நிலம். 1873ஆம் ஆண்டளவில், கிறகரியின் ஆணைப்படி, தலகல ஓயாவின் நீர் அணையிட்டுத் தடுக்கப்பட்டு அச்சதுப்பு நிலம் வாவியாக்கப்பட்டது. கரையோரம் உலாவும் பாதை அமைந்தது; படகுகள் மிதந்தன. பின்னர் ஐரோப்பாவிலிருந்து ட்றவுட் மீனின் முட்டைகள் கொணரப்பட்டு மலைநாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தில் வாவி நீர் சுரங்க வழியாகக் கொண்டுசெல்லப்பட்டு, நானு ஓயாச் செல்லும் வழியிலுள்ள பிளக்பூல் நிலையத்திலே மின்சாரம் பிறப்பிக்கவும் பயன்பட்டது.

வட பகுதியிலே பிறந்த நமக்குக் குளம் என்றால் வயலும் கூடவே நினைவுக்கு வரும். இரணைமடுவாயினும் கட்டுக்கரையாயினும், நீரைத் தேக்குதல் நெல்லை விளைத்தற்கே. நுவரெலியா வாவியோ நெல் விளைத்தற்கன்று, கண் களித்தற்கே அமைந்தது. இதனாற் கிறகரியை உல்லாசப் பிரியர் என ஒதுக்கிவிடுதல் நீதியாகாது. அவர் காலத்திலே, 1873ஆம் ஆண்டு, வறண்ட வலயத்தை முன்னேற்றுதற்கென வடமத்திய மாகாணம் தனியே பிரிக்கப்பட்டது. பழைய குளங்களைத் திருத்தும் பணியில் ஊக்கங் காட்டப்பட்டது. கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

ஆனால் அவரது வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. 1847ஆம் ஆண்டு, அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்த வேளையில், பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த கிறகரி வறியோர் சட்டத்திலே ஒரு வாசகத்தைச் சேர்ப்பித்தார். கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருப்போர், அந்நிலத்தைக் கைவிட்டாலன்றி அரசாங்க நிவாரணம் பெறுதல் இயலாது என்பதே அவ்வாசகம். பசியோ நிலமோ என இரண்டிலொன்றைத் தெரியவேண்டிய நிலைக்கு அயர்லாந்துக் குடியானவர் ஆளாயினர், எண்ணிறந்தோர் நிலமிழந்தனர். அயர்லாந்து மக்கள் கிறகரி வாசகம் என்றே இன்றும் இதனை நினைவுகூர்வர். ஒருவர் பெயரே ஒரு நாட்டில் எழில்மிகு வாவிக்கும், மற்றொரு நாட்டில் ஆறாத வடுவுக்கும் வழங்குகின்றது.

வாவி அமைந்த காலம் கோப்பிச் செல்வம் உச்சத்தில் நின்ற காலம். ஆயின் கோப்பி இலையைப் பற்றிய மஞ்சள் நோய் 1869ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. 1880ஆம் ஆண்டுகளில் அத்தொழில் வீழ்ச்சியுற்றது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துறைத் தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு தொடங்கிய தேயிலைச் செய்கை அதனிடத்தைப் பற்றிக்கொண்டது. கோப்பித் தோட்டத்திற்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் ஒருங்கே உழைத்தவர் தமிழகத்திலிருந்து வந்த மக்கள். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, திருநெல்வேலி முதலிய இடங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு அவர்கள் நடந்தனர். பேதியும் காய்ச்சலும் பசியும் வழியிலே பலரை மாய்த்தன. கிறகரியின் ஆட்சி முடிவெய்தும் வேளையில், 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் பற்றிற்று. 1877ஆம் ஆண்டில் மாத்திரம் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தனர். அயர்லாந்துப் பஞ்சத்தை அறிந்த தேசாதிபதியின் நாட்டுக்கு, மற்றொரு பஞ்சத்தின் மக்கள் வந்து சேர்ந்தனர்.

காண்டற்குரியன

நகரைக் காணச் செல்வோர் கடைத்தெருவிலுள்ள தபாற்கந்தோரிலிருந்து தொடங்குதல் நன்று. செங்கல்லாலமைந்து கூர்ங்கோபுரத்தோடு நிற்கும் இக்கட்டடம் 1894ஆம் ஆண்டுக்குரியது. 2023ஆம் ஆண்டு இதனை விடுதிக்கென மாற்றும் யோசனை எழுந்தபோது தபால் ஊழியர் வேலைநிறுத்தஞ் செய்து எதிர்த்தனர். பழைய கட்டடமொன்றைக் காக்கத் தொழிலாளர் முன்வந்தமை குறிப்பிடத்தக்கது.

அதற்கண்மையில் விக்டோரியாப் பூங்கா உளது. 1897ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியாரின் வைரவிழாவை நினைவுகூர்ந்து இப்பெயர் இடப்பட்டது. இதன் பரப்பு ஏறத்தாழ 27 ஏக்கர். காசுமீரத்துப் பள்ளத்தாக்குகளிற் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் ஒருவகைச் சிறு ஈப்பிடிப்பான் மாரிகாலத்தில் இப்பூங்காவுக்கு வருகின்றது. இமயச் சாரலிலிருந்து தென்கோடிக்கு ஆண்டுதோறும் வந்து மீளும் இச்சிறு பறவையைக் காண்பதற்கென்றே உலகின் பல பாகத்திலிருந்தும் அறிஞர் வருவர்.

1852ஆம் ஆண்டு அபிடேகஞ் செய்யப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயம், 1875ஆம் ஆண்டிலே தோன்றிய குதிரைப் பந்தயத் திடல், 1876ஆம் ஆண்டு தோட்டத் துரைமார் அமைத்த ஹில் கிளப், 1889ஆம் ஆண்டு தொடங்கிய கொல்வ் மைதானம் ஆகியன யாவும் அந்தக் காலத்து ஆங்கிலேயரின் வாழ்க்கை முறையைக் காட்டுவன. ஹில் கிளப்பிலே நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் சுதேசிகள் உறுப்பினராதல் இயலாதிருந்தது.

கொல்வ் மைதானத்தையொட்டிய பழைய சவக்காலையில் மேஜர் றொஜர்சு என்பாரின் கல்லறை உளது. பதுளையில் உத்தியோகத்தராயிருந்த இவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார் எனக் கூறுவர். 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். கல்லறையையும் இடி விடவில்லை என்பது அயலார் வழக்கு. யானைகள் கூட்டங்கூட்டமாய்த் திரிந்த மலைவெளியில் இன்று ஒரு யானையும் இல்லாமைக்கு இக்கல்லறையும் ஒரு சாட்சியாம்.

பதுளைத் தெருவழியே மூன்று மைல் அளவிற் சென்றால் சீதா எலிய. இராவணன் சீதாபிராட்டியைச் சிறைவைத்த அசோகவனம் இவ்விடமே என்பது மக்கள் நம்பிக்கை. ஓடைக்கரையில் சீதையம்மன் கோயில் அமைந்துள்ளது. ஓடைப் பாறையிற் காணப்படும் பள்ளங்களை அநுமானின் அடிச்சுவடுகள் என்பர். 2024ஆம் ஆண்டு வைகாசியில் இக்கோயிலுக்கு மகா கும்பாபிடேகம் நிகழ்ந்தது. இதிகாச இடங்களை நிலப்படத்தில் வரையறுத்தல் வரலாற்றாசிரியர்க்கு ஏலாது. ஆயின் ஊரையும் உறவையும் விட்டுப் பிரிந்து கடல் கடந்து வந்த ஒரு மக்கட்கூட்டம், பிரிவாற் புலம்பிய பிராட்டியைத் தம் மலையிலே வைத்து வழிபட்டமையின் பொருளை உணர்தற்கு வரலாற்றறிவு பெரிதும் வேண்டுவதில்லை.

இன்னும் சிறிது தொலைவில் ஹக்கலைப் பூங்கா உளது. அநுமான் மருந்துமலையைத் தாடையிலே தாங்கி வந்தபோது வீழ்ந்த துண்டே ஹக்கலைப் பாறை என்பது கர்ணபரம்பரை. கதைக்கேற்ப, இப்பூங்காவும் மருந்தின் பொருட்டே தோன்றியது. மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை வளர்த்து ஆராயும் நோக்கமாக, பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்சின் மேற்பார்வையில் 1861ஆம் ஆண்டு இது நிறுவப்பட்டது. சிங்கோனாவின் காலம் கழிந்தபின் உரோசா மலர்களும் பன்னங்களும் நிறைந்த எழிற்பூங்காவாயிற்று.

புகையிரதம் 1885ஆம் ஆண்டு நானு ஓயாவை அடைந்தது. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இறாகலை வரை 1903-04ஆம் ஆண்டுகளில் ஒரு சிறிய புகையிரதப் பாதை அமைக்கப்பட்டது. தேயிலையையும் மக்களையும் சுமந்த அவ்வண்டி 1940ஆம் ஆண்டு மக்களை ஏற்றுவதை நிறுத்தியது; 1948ஆம் ஆண்டு பாதையே மூடப்பட்டது.

பெயரும் உரிமையும்

1948ஆம் ஆண்டு மற்றொரு பாதையும் மூடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு நடைபெற்ற பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். நுவரெலியாத் தொகுதியில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழ் மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவரும் வாக்கற்றவரும் ஆக்கின. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிய முடிவு பின்னைக்கு. தலைமுறை தலைமுறையாக ஒரே லயனில் வாழ்ந்த குடும்பங்கள் தொகையாக எண்ணப்பட்டன. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மலையைத் தோட்டமாக்கியவர், அந்நாட்டுக் குடிகள் என எழுத்திற் பெயர் பெறுதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

வட பகுதித் தமிழராகிய நாம் இவ்விடத்தில் நம்மையும் ஒருமுறை நோக்கிக்கொள்ளுதல் நன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தோர் நம்மிடையே இருந்தனர், ஆதரித்தோரும் இருந்தனர். நம்மவர் பலர் மலைநாட்டில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் கடமையாற்றினர். அவருள் அம்மக்களோடு ஒன்றி வாழ்ந்தோர் உளர், ஒதுங்கி வாழ்ந்தோரும் உளர். பிறர் செய்த தீங்கைக் கணக்கெடுக்கும் வரலாறு நம் புறக்கணிப்பையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

மீண்டும் அந்தச் சுற்றுலாவுக்கே வருவோம். மூன்றாம் நாள் மாலை நானு ஓயாப் புகையிரத நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தோம். பனிமூட்டம் தண்டவாளத்தை மறைத்திருந்தது. படகிலே வெட்டுவித்ததோ என வினாவிய மாணவன் என்னருகே வந்து அமர்ந்தான். அவனுடைய பாட்டனார் இப்பகுதித் தோட்டமொன்றிலே பிறந்தவர் என்பதும், 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர்க் குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்து காடுவெட்டிக் குடியேறியவர் என்பதும் அப்பொழுதே எனக்குத் தெரியவந்தன. மூன்றாண்டுகளாக வகுப்பிலே கண்முன் இருந்த பிள்ளையின் வரலாற்றை, அவனுக்கு வரலாறு கற்பித்த நான் அறிந்திலேன். "வாவியைப் பற்றித் தாத்தா ஒன்றும் சொன்னதில்லை, சேர். குளிரைப் பற்றித்தான் சொல்லுவார்" என்றான் அவன்.

இதனை எழுதும் இவ்வேளையிலும் அச்சொற்கள் செவியில் நிற்கின்றன. நாம் பணங்கொடுத்துத் தேடிச்சென்று நுகர்ந்த குளிர், அம்முதியவருக்கு விடியற்காலையிற் கொழுந்து பறிக்கச் செல்லுங்காற் பொறுத்துக்கொண்ட குளிர். நாம் படகிற் சுற்றிய வாவி அவர் நினைவில் இடம்பெறாத ஒன்று. ஓரூரின் வரலாறு இவ்விரு நினைவும் சேர்ந்ததேயன்றி ஒன்றன்று.

வாவியின் அழகு உண்மை. அதனைக் கண்டு மகிழ்தலிற் குற்றமொன்றுமில்லை. மேல்நிலத்துத் தோட்டங்களிலிருந்து மழைக்கு அடிபட்டு வரும் மண் வாவியைத் தூர்ப்பதும், தூர்ந்ததை மீண்டும் அகழ்வதும் நம் காலத்திலும் நிகழ்ந்து வருகின்றன. இன்றும் அதனை வாவியாக வைத்திருப்பது மனிதர்தம் கையே. அங்குச் செல்லும் நம் மாணவர் தம் குறிப்பேட்டில் இவ்வரியையேனும் பிழையின்றி எழுதுதல் வேண்டும்: கிறகரித் தேசாதிபதி இவ்வாவியை வெட்டுவித்தார். அவ்வாறு எழுதுங்கால், வெட்டியவர் யார் என்னும் வினா தானாகவே அடுத்த வரியாக வந்து நிற்கும்.